மரநிழலில் தானாக முளைத்த குடை போன்ற செடி: இது என்ன?

நிழல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய மரங்கள் நெருங்கி நிற்கும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. நடுப்பகலில்கூட அங்கே வெயில் காசு காசாகத்தான் விழும். தரை முழுவதும் சருகு மூடியிருப்பதால் புல் வளர்வதில்லை. பெரணிகளையும் நிழலைத் தாங்கும் சில அலங்காரச் செடிகளையும் மட்டும் வைத்து, ஆறு ஆண்டுகளாக அதை ஒரு நிழல் தோட்டமாகப் பராமரித்து வருகிறேன். நான் நடாத எதுவும் அங்கே முளைத்தால் அது பெரும்பாலும் ஏதாவது ஒரு மரத்தின் கன்றாகத்தான் இருக்கும். இரண்டு இலை விட்டதுமே இன்ன மரம் என்று சொல்லிவிடுவேன். இம்முறை என்னால் அது முடியவில்லை.

மழை தொடங்கி இரண்டு வாரம் கழித்து, சருகைத் துளைத்துக்கொண்டு ஈட்டிமுனை போன்ற ஒரு முளை வெளிவந்தது. கட்டைவிரல் பருமன் இருக்கும். வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் மெல்லிய உறை ஒன்று அதைச் சுற்றியிருந்தது. காளானாக இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். சில நாட்களில் அது முழங்கால் உயரத்துக்கு வந்து, மடக்கி வைத்த குடை விரிவதைப் போலத் தலையை விரித்தது. இப்போது தரையிலிருந்து 80 செ.மீ. உயரம், விரிந்த தலையின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே.

தண்டு ஒன்றுதான். இடையில் கணுவோ இலையோ கிடையாது. ஆலிவ் பச்சை நிறத்தில் இருக்கும் அந்தத் தண்டு முழுவதும் வெளிறிய திட்டுகள் பரவியிருப்பதால், தூரத்தில் இருந்து பார்த்தால் பாம்பு நிமிர்ந்து நிற்கிறதோ என்று ஒரு கணம் நெஞ்சு திடுக்கிடுகிறது. உச்சியில் தண்டு மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் மறுபடி பிரிந்து, பெரிதும் சிறிதுமாகப் பல இலைகளைத் தாங்கி நிற்கிறது. பூ இல்லை, காய் இல்லை. கைப்பேசிச் செயலியில் மூன்று படங்களைக் கொடுத்துப் பார்த்தேன். முதல் படத்துக்குச் சேனை என்றும், இரண்டாவதற்கு ஒரு பெரணி என்றும், மூன்றாவதற்கு மரவள்ளி என்றும் பதில் வந்தது. மூன்றும் ஒரே செடியின் படங்கள் என்பதை அந்தச் செயலியிடம் யார் சொல்வது?

இது என்ன செடி என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். என் பேத்தி அந்தப் பக்கம் விளையாடுவாள் என்பதால், நச்சுத்தன்மை உள்ளதா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

ஈரமண்:

ஐயா, இதில் ஐயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. இது சேனைதான். தாவரவியலில் அமார்ஃபோபாலஸ் பியோனிஃபோலியஸ் என்று சொல்வார்கள். உங்கள் செயலி மூன்று முறையில் ஒரு முறை சரியாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு அந்த அளவுக்குப் பாராட்டு கொடுத்துவிடலாம்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் தண்டு என்று எழுதியிருப்பது தண்டு அல்ல, இலைக்காம்பு. கிளைகள் என்று எழுதியிருப்பவை ஒரே இலையின் பிரிவுகள். அதாவது, 80 செ.மீ. உயரத்துக்குக் குடை பிடித்து நிற்கும் அந்த முழு உருவமும் ஒற்றை இலை. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது. பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு ஓர் இலையைத்தான் அது மேலே அனுப்பும். ஈரம் குறையும் காலத்தில் அந்த இலை மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். அதைக் கண்டு செடி பட்டுப்போய்விட்டது என்று நினைத்து யாரும் அந்த இடத்தைக் கொத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நச்சைப் பற்றிக் கேட்டீர்கள். சேம்பு, சேனை, மணி பிளாண்ட் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் திசுக்களில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்களாக இருக்கிறது. பச்சையாகக் கடித்தால் அந்த ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி, காறலும் எரிச்சலும் வீக்கமும் உண்டாகும். சாறு பட்டால் தோலிலும் அரிப்பு வரலாம். குழந்தை தொட்டால் ஒன்றும் ஆகாது; கடிக்கக் கூடாது. அப்படிக் கடித்துவிட்டால் உடனே வாயைக் கழுவிவிட வேண்டும். வீக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

கிளைக்கணு:

நண்பர் ஈரமண் ஒற்றை இலை என்று விளக்கியது மிகச் சரி. ஆனால் அதிலிருந்து நேரே சேனைக்குத் தாவியதுதான் எனக்கு உடன்பாடாக இல்லை. நிழலில் குடை பிடித்து நிற்கும் செடிகள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாமலும் ஒரே வடிவத்தை எடுத்திருக்கின்றன. அதற்குக் காரணமும் உண்டு. மரத்தடியில் வெளிச்சம் அரிது. அதைப் பிடிக்க இலை உயரத்திலும் இருக்க வேண்டும், அகலமாகவும் இருக்க வேண்டும். மரம் அதற்காகக் கட்டையை உருவாக்குகிறது. மழைக்காலத்தில் மட்டும் வாழும் கிழங்குச் செடியால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. எனவே, நீரால் விறைத்து நிற்கும் ஒரு காம்பின் மேல், கிளைகளைப் போலப் பிரிந்த ஓர் இலையை விரித்து, சில மாதங்களுக்கு மட்டும் மரமாக நடித்துவிட்டுப் போகிறது. இந்த உத்தி வெற்றிகரமானது என்பதால், வெவ்வேறு குடும்பங்களும் இதைக் கையாள்கின்றன.

நான் முதலில் சந்தேகப்படுவது டாக்கா லியோண்டோபெடலாய்டிஸ் என்ற செடியை. இது சேம்புக் குடும்பமே அல்ல. வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இலையை மட்டும் பார்த்தால் பழகியவர்களும் ஏமாந்துபோவார்கள். அதே மூன்று பிரிவு, அதே குடை, அதே கிழங்கு. பூத்தால் குழப்பமே இல்லை: நீண்ட தனிக்காம்பின் உச்சியில் பூக்கள் கொத்தாக நிற்க, அவற்றிலிருந்து பூனை மீசையைப் போல நீளமான இழைகள் தொங்கும். பூக்காத நிலையில் காம்பைத்தான் பார்க்க வேண்டும். டாக்காவின் காம்பில் நீளவாக்கில் வரிவரியாக மேடு பள்ளங்கள் இருக்கும். அமார்ஃபோபாலஸில் அப்படி இருக்காது; காம்பு உருண்டையாக இருக்கும்.

மற்றொன்று அரிசீமா. படமெடுத்த நாகம் போன்ற பூ விடும் செடி என்றால் பலருக்கு நினைவு வரும். அதன் தண்டும் பாம்பு போலத் திட்டுத்திட்டாக இருப்பதால் இந்தப் பட்டியலில் அடிக்கடி வந்து சேர்ந்துகொள்கிறது. ஆனால் அதன் சிற்றிலைகள் ஒன்று மூன்றாகவோ, சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒரே புள்ளியிலிருந்து சுற்றிலுமோ அமைந்திருக்கும். நீங்கள் சொல்வது போல மீண்டும் மீண்டும் பிரிவதில்லை. ஆகையால் அதை ஒதுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

படங்களை மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். அடையாளம் காண மிகவும் உதவாத கோணம் அதுதான். கையுறை போட்டுக்கொண்டு காம்பை அடியிலிருந்து மேல்வரை ஒரு முறை தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்கிறதா, வரிகள் கைக்குத் தட்டுப்படுகின்றனவா, வழவழப்பாக இருக்கிறதா என்று எழுதுங்கள். பிறகு, காம்பு மூன்றாகப் பிரியும் அந்த இடத்தை மேற்புறமிருந்து நெருக்கமாக ஒரு படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோலை வைத்து. அடியில் சருகை விலக்கி, ஒரே புள்ளியிலிருந்து வேறு இலையும் வருகிறதா என்றும் பாருங்கள்.

நிழல்வாசி:

மிக்க நன்றி. நேற்று மாலை மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தேன்.

காம்பு வழவழப்பாக இருக்கிறது. கையுறையோடு தடவியதில் சரியாகப் புலப்படவில்லை என்பதால், கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு விரலால் மெதுவாகத் தொட்டேன்; இது வரை அரிப்பு எதுவும் இல்லை. சொரசொரப்பும் இல்லை, வரிகளும் இல்லை. ஈரமான வாழைத்தண்டைத் தொடுவது போல இருந்தது. வெளிறிய திட்டுகள் கண்ணுக்குத்தான் புடைத்தவை போலத் தெரிகின்றனவே தவிர, விரலுக்குத் தெரியவில்லை. அடியில் வேறு இலை கிடையாது.

கிளைக்கணு சொன்னபடி மூன்றாகப் பிரியும் இடத்தைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்த மையத்தில், இலையின் மேற்புறத்தில், ஒரு கரும்பழுப்பு உருண்டை உட்கார்ந்திருக்கிறது. குறுக்களவு 11 மி.மீ. மேல்தோல் கருணைக்கிழங்கின் தோலைப் போல முரடாக இருக்கிறது. இலையின் பிரிவுகளில் சற்றுத் தள்ளி, அவை மறுபடி பிரியும் இடங்களில் இரண்டில் மட்டும், மிளகை விடச் சற்றுப் பெரிய அளவில் இதே போன்ற உருண்டைகள் இருக்கின்றன. ஏதோ பூச்சி முட்டையிட்டு இலை வீங்கியிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். சில மரங்களின் இலைகளில் இப்படிக் கொப்புளம் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை இலைப்பரப்பில் கண்ட இடத்தில் வரும். இவை சொல்லிவைத்தாற்போல் பிரிவுகளில் மட்டும் இருக்கின்றன. இதை வெட்டி எறிந்துவிடலாமா?

பச்சைக்கோப்பு:

வெட்ட வேண்டாம், அதுதான் இங்கே முக்கியமான தடயம். ஆனால் அந்தத் தடயம் மேலே இருவரும் சொன்னதற்கு எதிராகப் போகிறது என்பது என் கருத்து.

தண்டையும் கூட்டிலையையும் பிரித்தறிய நாம் படித்த அடிப்படை விதி ஒன்று உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் கோணத்தில் மொட்டு இருக்கும்; ஒரு கூட்டிலையின் சிற்றிலைகளுக்கு அடியில் மொட்டு இருக்காது. வேப்பிலையை எடுத்துப் பார்த்தால் இது எளிதில் புரியும். ஈர்க்கில் இருபுறமும் நிற்பவற்றின் அடியில் மொட்டைத் தேடினால் கிடைக்காது. ஈர்க்கு கிளையோடு சேரும் இடத்தில் கிடைக்கும். ஆகவே அந்த முழு ஈர்க்கும் ஓர் இலை. இதே விதியை இங்கே பொருத்தினால், மூன்றாகப் பிரியும் இடத்தில் மொட்டு இருப்பதால் அது தண்டு கிளைக்கும் கணுவாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் இது ஒற்றை இலை அல்ல; உச்சியில் கிளைத்த ஒரு சிறு செடி. சேம்புக் குடும்பத்தை விட்டு வெளியே தேட வேண்டும் என்று தோன்றுகிறது.

கந்தம்:

பச்சைக்கோப்பு சொன்ன விதி தவறே அல்ல. வேம்பு, முருங்கை, புளி எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆனால் விதி பேசுவது இலைக்கோணத்தில் இருந்து கிளையாக வளரும் மொட்டைப் பற்றி. நிழல்வாசி அளந்து எழுதியிருப்பது வேறு ஒன்று. அவருடைய இரண்டு சொற்களை மீண்டும் படியுங்கள்: “மேற்புறத்தில்”, “முரடாக”. கோண மொட்டு பச்சையாக, செதில் மூடி, காம்பின் இடுக்கில் ஒடுங்கியிருக்கும். கிழங்கின் தோலைப் போர்த்திக்கொண்டு இலையின் மேல் உருண்டையாக உட்கார்ந்திருக்காது.

அது குமிழ்மொட்டு. பார்வைக்கு மட்டுமல்ல, உண்மையிலேயே ஒரு குட்டிக் கிழங்கு. இருந்த இடத்திலேயே அது கிளையாக வளராது. இலை முதிர்ந்து சாயும்போது அதோடு தரைக்கு வந்து, அடுத்த மழையில் தனிச் செடியாக முளைக்கும். இலையில் குட்டி பிறப்பது நமக்குப் புதிதல்ல. இரணகள்ளியின் இலை விளிம்பில் வரிசையாகக் கன்றுகள் முளைப்பதைப் பார்த்துத்தானே அதற்குக் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று பெயர் வைத்தார்கள்? வள்ளிக் கொடிகள் சிலவற்றிலும் காயைப் போலக் கிழங்குகள் தொங்கும். ஆனால் அவை இலைக்கோணத்தில் வருபவை. இங்கே இலையின் பிரிவிலேயே வருகிறது. அதுதான் வேறுபாடு.

ஆகவே இது அமார்ஃபோபாலஸ்தான். ஆனால் சேனை அல்ல. இது அமார்ஃபோபாலஸ் பல்பிஃபெர் என்ற இனம். பெயரின் பின்பாதிக்குக் குமிழ் தாங்குவது என்றுதான் பொருள். இந்தியாவின் வடகிழக்கு, வங்கதேசம், மியான்மர் பகுதிகள் இதன் இயல்பான வாழிடங்களில் அடங்கும். இலை அழகாக இருப்பதாலும், குமிழ்மொட்டுகளால் எளிதாகப் பெருகுவதாலும், நிழல் தோட்டங்களுக்கான அலங்காரச் செடியாக உலகின் வெப்பப் பகுதிகள் பலவற்றுக்கும் போயிருக்கிறது.

ஈரமண் நண்பர் சேனை என்றதற்கு எந்தக் குற்றமும் சொல்ல மாட்டேன். இலையைத் தூரத்தில் இருந்து பார்த்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பொதுவாக, இயல்பாக வளரும் சேனையின் காம்பு முரடானது. கை வைத்தால் பல்லியின் முதுகைத் தடவுவது போலச் சிறு முடிச்சுகள் தட்டுப்படும். ஆனால் பயிரிடப்படும் வகைகளில் காம்பு ஓரளவு வழவழப்பாகவும் இருப்பதுண்டு. எனவே வழவழப்பை மட்டும் வைத்துக்கொண்டு சேனையைத் தள்ளிவிட முடியாது. தள்ள வைப்பது அந்த 11 மி.மீ. உருண்டை. சேனையின் இலையில் குமிழ்மொட்டு வருவதில்லை. டாக்காவிலும் வருவதில்லை.

இந்தப் பேரினத்தில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன என்பதால், இன்னொரு இனத்தையும் சொல்லிவிட வேண்டும். அமார்ஃபோபாலஸ் முயெல்லெரி என்பதும் இலையில் குமிழ்மொட்டு வைக்கும். இரண்டையும் ஐயமறப் பிரிப்பது பூதான். பல்பிஃபெரின் பூங்கதிரைச் சுற்றியுள்ள பாளையின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். கிழங்கு போதிய அளவு பெருத்த பிறகு, இலை வருவதற்கு முன்னால், வெறும் தரையிலிருந்து அந்தப் பூ நேராக எழும். எனவே ஏதாவது ஓர் ஆண்டில் இலைக்குப் பதிலாகப் பூ முளைத்தால் தயவுசெய்து படம் எடுத்து வையுங்கள்.

பூ என்று நாம் சொல்வதும் ஒரு பூ அல்ல. கதிரின் அடியில் பெண்பூக்கள், அதற்கு மேல் ஆண்பூக்கள், அதற்கும் மேலே பூவற்ற ஒரு நீட்சி, எல்லாவற்றையும் சுற்றிப் பாளை. பெண்பூக்கள் முதலில் தயாராகும். அவற்றின் நேரம் முடிந்த பிறகே ஆண்பூக்கள் மகரந்தம் உதிர்க்கும். இதனால் தன் மகரந்தம் தன்னிலேயே சேர்வது தடைப்படுகிறது. பூச்சிகளை அழைப்பதற்காகச் சேனையின் பூ பிணவாடை வீசும் என்பது அதை ஒரு முறை கடந்து போனவர்களுக்கு மறக்காது. இதே பேரினத்தின் பூதாகரமான உறவினர் ஒன்று சுமத்திராவில் இருக்கிறது. இத்தாலியத் தாவரவியலாளர் ஓடோவார்டோ பெக்காரி 1878-இல் அதைக் கண்டறிந்து விதைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். லண்டன் கியூ தோட்டத்தில் 1889-இல் அது பூத்தது. அதன் பூங்கதிர் மூன்று மீட்டர் வரை உயரும். நிழல்வாசியின் செடிக்கு அவ்வளவு ஆசை கிடையாது, அச்சம் வேண்டாம்.

பல்பிஃபெர் ஏன் குமிழ்மொட்டை நம்பியிருக்கிறது என்பதற்கு அதன் நிறமியன்கள் (குரோமோசோம்கள்) விடை சொல்கின்றன. இந்தப் பேரினத்தில் அடிப்படை எண்ணிக்கையாகப் பேசப்படுவது 13. பல்பிஃபெரில் அதன் மும்மடங்கு, அதாவது 39 நிறமியன்கள் உள்ளன. மூன்று தொகுதிகளை இரு சம பங்காகப் பிரிக்க முடியாது என்பதால், வழக்கமான கருவுறுதலில் விதை உண்டாவது கடினம். காய் பிடித்தாலும் அவ்விதைகள் கருவுறாமலேயே உருவாகின்றன. தாயின் நகலாகவே முளைக்கின்றன. விதையாலும் நகல், இலையாலும் நகல். தோட்டத்துக்கு ஒன்று வந்தால் போதும் என்பதன் பொருள் இதுதான்.

இனி நிழல்வாசிக்கு ஒரு கேள்வி. சென்ற மழைக்காலத்தில் அதே இடத்தில், மூன்றே சிற்றிலைகளுடன் ஒரு சாண் உயரத்தில் எதையாவது பார்த்த நினைவு இருக்கிறதா? குமிழ்மொட்டிலிருந்து வரும் முதல் இலை மிக எளிமையானது. பார்த்தால் இந்தக் குடையோடு யாரும் தொடர்புபடுத்த மாட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு தன் சேமிப்பை இலைக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போக, அதன் மேல் புதிய, பெரிய கிழங்கு உருவாகும். அந்தக் கிழங்கின் அளவுக்கு ஏற்ப அடுத்த ஆண்டின் இலை இன்னும் பிரிந்து இன்னும் உயரும். ஆகவே 80 செ.மீ. உயரத்தில் நிற்பது இந்த ஆண்டு வந்ததாக இருக்க முடியாது.

பச்சைக்கோப்பு:

ஒப்புக்கொள்கிறேன். மொட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் விதியைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த அளவுகோல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, உருண்டைக்குக் கீழே கணுவோ தழும்போ எதுவும் இல்லாமல் காம்பின் திட்டுகள் தடையின்றி மேலே போவது தெரிகிறது.

அந்தத் திட்டுகளைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மரப்பட்டையில் லைக்கன் படர்ந்தது போலத் தோன்றும் இந்த நிறம், மென்மையான காம்பைக் கெட்டியான மரம் போலக் காட்டி, மேயும் விலங்குகளையும் மோதி முறிக்கும் விலங்குகளையும் விலக்குகிறது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிழல்வாசி பாம்பு என்று திடுக்கிட்டதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை!

நிழல்வாசி:

கந்தம் ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் பழைய படங்களைத் தேடினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த ஒரு பெரணியின் படத்தில், ஓரமாக, மூன்று சிற்றிலையோடு ஏதோ நிற்கிறது. அப்போது அதை ஒரு களை என்று நினைத்துப் பிடுங்காமல் விட்டதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்தப் பெரணி தொட்டியோடு எனக்குக் கிடைத்தது. தொட்டி மண்ணை அப்படியே அந்தக் குழியில் கொட்டித்தான் நட்டேன். குமிழ்மொட்டு அந்த மண்ணில் ஒளிந்து வந்திருக்க வேண்டும்.

இப்போது என் கவலை வேறு. இது பரவி என் பெரணிகளை அழித்துவிடுமா? எடுத்துவிடுவது நல்லதா, வைத்துக்கொள்ளலாமா?

கிளைக்கணு:

வைத்துக்கொள்ளலாம். கொடி போலப் படர்ந்து அமுக்கும் செடி அல்ல இது. பெருகுவதெல்லாம் இலை சாயும் இடத்தைச் சுற்றித்தான். ஓர் இலையில் சில குமிழ்மொட்டுகள் என்றால் ஆண்டுக்கு அத்தனை கன்றுகள். இலை மஞ்சளாகத் தொடங்கியதும், சாய்வதற்கு முன்பே அவற்றைப் பறித்துவிட்டால் எண்ணிக்கை உங்கள் கையில். ஆனால் அவற்றைக் குப்பையோடு காட்டு ஓரத்தில் கொட்டிவிடாதீர்கள். தோட்டத்தில் அழகாக இருக்கும் ஒன்று, அதன் இயல்பான வாழிடம் அல்லாத காட்டில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இலை சாய்ந்த பிறகு அந்த இடத்தில் நீர் ஊற்ற வேண்டாம். ஓய்வில் இருக்கும் கிழங்குக்கு வறட்சியை விட ஈரம்தான் ஆபத்து, அழுகிவிடும். இடம் மறந்துபோகாமல் ஒரு குச்சியை நட்டு வையுங்கள்.

ஈரமண்:

சேனை என்று அடித்துச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நச்சைப் பற்றி எழுதியது மட்டும் அப்படியே நிற்கட்டும். ஊசிப் படிகம் இந்தச் செடியிலும் உண்டு. குமிழ்மொட்டு உருண்டையாக, கொட்டை போல இருப்பதால் குழந்தைகள் வாயில் போட்டுப் பார்க்கக்கூடும். இலையை விட அதைத்தான் பேத்தியின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பறிக்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தொட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி இரண்டாம் முறை வேண்டாம், ஐயா. காயம் பட்ட இடத்தில்தான் சாறு வரும். அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் பெருந்தொல்லை.

நிழல்வாசி:

ஐந்து மாதம் கழித்து இந்த இழையைத் தேடிப் பிடித்து எழுதுகிறேன்.

இலை மூன்று வாரத்துக்கு முன்பு மஞ்சளாகத் தொடங்கியது. முதலில் விளிம்புகள், பிறகு நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி, கடைசியாகக் காம்பு. பறித்துவிட வேண்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் காலை போனபோது, காம்பு தரையோடு சேரும் இடத்தில் தளர்ந்து, குடை முழுவதும் பெரணிகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது. கையால் தூக்கியபோது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கழன்று வந்தது. காம்பு நின்ற இடத்தில் மண்ணில் ஒரு வட்டமான குழி மட்டும் மிஞ்சியிருந்தது.

மையத்தில் இருந்த உருண்டை இப்போது 19 மி.மீ.; நான் தொட்டதும் தானாக என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. இந்த முறை கையுறையோடுதான். அதன் ஒரு முனையில் வெளிர்நிறத்தில் ஒரு சிறு கூர்மை தெரிகிறது. அதையும், பிரிவுகளில் இருந்த இரண்டு சிறியவற்றில் ஒன்றையும், காய்ந்த மணலில் போட்டு, பேத்திக்கு எட்டாத பரண் மேல் வைத்திருக்கிறேன். குழி இருந்த இடத்தில் குச்சியும் நட்டாகிவிட்டது. இரண்டாவது சிறு உருண்டையைத்தான் காணவில்லை. பெரணிகளுக்கு இடையில் சருகை ஒவ்வொன்றாக விலக்கி அரை மணி நேரம் தேடினேன்; கிடைக்கவில்லை. அது விழுந்திருக்கக்கூடிய பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு வைத்தேன்.